எழுத்தெழுத்தாக வந்திறங்கும் படம்: பிபிஎஸ் வரவேற்புத் திரை, ஓர் அறிமுகம்

ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. புல்லட்டின் போர்டு சிஸ்டம், சுருக்கமாக பிபிஎஸ், என்பது அடிப்படையில் இவ்வளவுதான். யாராவது தங்கள் மோடத்தால் அந்த எண்ணை அழைத்தால் எதிர்முனைக் கணினி எடுக்கும். இரண்டு மோடங்களும் கொஞ்ச நேரம் கீச்சிட்டு ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். அப்புறம் திரையில் எழுத்துகள் வர ஆரம்பிக்கும். செய்தி படிக்கலாம், பதில் எழுதலாம், கோப்புகளை இறக்கலாம், விளையாடலாம். வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் 1978 பிப்ரவரியில் சிகாகோவில் இயக்கிவைத்த சிபிபிஎஸ், இந்த வகையில் முதலாவது. 1990களின் நடுவில் இணையம் வீடுகளுக்குள் நுழையும்வரை மோடம் வைத்திருந்தவர்களின் பொழுது பெரும்பாலும் இப்படித்தான் போனது. ஆசைக்காக இன்றும் போர்டு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

அழைப்பவர் கண்ணில் முதலில் படுவது வரவேற்புத் திரை. போர்டின் பெயர், அதை நடத்துகிற சிஸ்ஆப்பின் பெயர், எத்தனை இணைப்புகள், எந்த வேகம்வரை தாங்கும் போன்ற விவரங்கள் அதில் இருக்கும். அதோடு, முழுக்க எழுத்துகளால் வரைந்த ஒரு படமும் இருக்கும். போர்டு மென்பொருளுடன் வரும் திரையை அப்படியே விட்டுவைத்தால் நூறு போர்டுகளில் நூற்றொன்றாவதாகத்தான் தெரியும். அதனால்தான் புதிதாகப் போர்டு தொடங்குகிற எவரும் முதலில் கை வைப்பது இந்தத் திரையில்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும். தொலைபேசிக் கம்பி வழியே படம் எதுவும் போவதில்லை. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. இடையிடையே 'இனி சிவப்பு', 'இருபது கட்டம் வலப்பக்கம் நகர்' என்பது போன்ற கட்டளைகள் போகின்றன. அழைத்தவரின் டெர்மினல் நிரல் அவை வந்த வரிசையிலேயே, வந்த கணத்திலேயே திரையில் வரைகிறது. அதாவது, வேறொருவர் கணினி நிறைவேற்றப்போகும் வரைபடக் குறிப்பு ஒன்றை நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தக் கணினி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. இந்தக் கலையில் உள்ள எல்லா வரம்புகளும், பாதி அழகும், இதிலிருந்துதான் வருகின்றன.

கையில் இருக்கும் எழுத்துகள்

ஆஸ்கி என்ற பழைய எழுத்துத் தொகுப்பில் 128 இடங்கள். அவற்றில் அச்சாகக்கூடியவை 95 மட்டுமே. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள் ஆகியவற்றை வைத்தே படம் வரைவது தனிக் கலை. ஆனால் 1981இல் வந்த ஐபிஎம் பிசி மீதி 128 இடங்களையும் நிரப்பிக்கொண்டு வந்தது. அந்தத் தொகுப்பின் பெயர் கோட் பேஜ் 437. பெட்டி கட்டுவதற்கான ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, மூலைகள் எல்லாம் 179 முதல் 218 வரை இருக்கின்றன. படம் வரைபவருக்கு அவற்றைவிட முக்கியம் இன்னும் எட்டு எழுத்துகள்: 176, 177, 178 ஆகியவை ░ ▒ ▓ என்ற மூன்று நிழல்கள், 219 என்பது █ என்ற முழுக்கட்டம், 220 முதல் 223 வரை ▄ ▌ ▐ ▀ என்ற அரைக்கட்டங்கள்.

இந்த எட்டில் அரைக்கட்டங்கள்தான் உண்மையான வேலைக்காரர்கள். ஒரு கட்டத்துக்கு எழுத்து நிறம் ஒன்று, பின்னணி நிறம் ஒன்று என்று இரண்டு உண்டு. ▀ வைத்து, எழுத்துக்கு மஞ்சளும் பின்னணிக்கு நீலமும் கொடுத்தால் மேல்பாதி மஞ்சள், கீழ்ப்பாதி நீலம். 80 நெடுவரிசை, 25 வரி கொண்ட திரை இதனால் 80க்கு 50 புள்ளிகள் கொண்ட சின்னத் திரையாக மாறிவிடுகிறது. விஜிஏ என்ற பிசி வண்ணத் திரை வகையில் ஒரு எழுத்துக் கட்டம் 9 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். உயரத்தைப் பாதியாக வெட்டினால் 9க்கு 8, ஏறக்குறைய சதுரம். வட்டம் வட்டமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். நிழல் எழுத்துகளோ எழுத்து நிறத்தையும் பின்னணியையும் கலந்து இடைப்பட்ட நிறங்களைக் கொடுக்கும். 16 நிறத்தில் வரைந்தது 30 நிறத்தில் வரைந்ததுபோல் தெரியும்.

கோட் பேஜ் 437இல் தமிழ் எழுத்துகள் கிடையாது. போர்டின் பெயரைத் தமிழில் காட்ட விரும்பினால் அரைக்கட்டங்களால் பெரிதாக வரைய வேண்டியதுதான். வளைவுகள் அதிகம் என்பதால் ஆங்கில எழுத்தைவிட உயரம் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கோப்பை இன்றைய சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் கட்டங்களுக்குப் பதில் மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் பாகைக் குறிகளும் வரிசைகட்டி நிற்கும். கோப்பு கெட்டுவிடவில்லை, திருத்திதான் வேறு அட்டவணை வைத்துப் படிக்கிறது. ஆனால் அங்கேயே சேமித்துவிடாதீர்கள். திருத்தி அதை யூடிஎஃப்-8 என்ற இன்றைய எழுத்துக் குறியாக்கத்துக்கு மாற்றிச் சேமித்தால் ஒரு பைட்டாக இருந்த குறி இரண்டு மூன்று பைட்டாகி, பழைய டெர்மினலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு மூன்று குப்பை எழுத்துகள் வரும். அப்போது நிஜமாகவே கெட்டுவிடும்.

நிறம் எப்படி ஏறுகிறது

நிறத்துக்கும் கர்சர் நகர்வுக்கும் உள்ள கட்டளை மொழியைத்தான் எல்லோரும் ஆன்சி என்கிறார்கள். எம்எஸ்-டாஸில் ஆன்சி.சிஸ் என்ற நிரல் இதைப் புரிந்துகொண்டது. டெர்மினல் நிரல்கள் தாமாகவே புரிந்துகொண்டன. ஒவ்வொரு கட்டளையும் எஸ்கேப் எழுத்தில், அதாவது 27ஆம் எண்ணில், தொடங்கும். அதையடுத்து [ என்ற சதுர அடைப்பு, பிறகு சில எண்கள், கடைசியில் என்ன வேலை என்று சொல்லும் ஓர் ஆங்கில எழுத்து. நிறக் கட்டளை சின்ன எம் எழுத்தில் முடியும். எண்களில் 30 முதல் 37 வரை எழுத்து நிறம், 40 முதல் 47 வரை பின்னணி. வரிசை: கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சியான், வெள்ளை. 1 போட்டால் எழுத்து நிறம் பிரகாசமாகும். 5 போட்டால் கண் சிமிட்டும். 0 போட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆக, எஸ்கேப், சதுர அடைப்பு, 1;33;44, எம் என்று அனுப்பினால் நீலப் பின்னணியில் பளிச்சென்ற மஞ்சள். அந்த 1ஐ விட்டுவிட்டால் பிசி திரைகளில் மஞ்சளுக்குப் பதில் பழுப்புதான் வரும். ஐபிஎம்மின் வண்ணத் திரையே அடர்மஞ்சளில் பச்சையைக் குறைத்துப் பழுப்பாகக் காட்டும்படி செய்யப்பட்டது. மரம், மண், தோல் எல்லாவற்றுக்கும் வசதியான நிறம் இப்படிக் கிடைத்தது.

பிரகாசத்தை அணைப்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். பழைய டெர்மினல்களில் அதற்கு நம்பகமான வழி 0 மட்டுமே. 0 போட்டால் பின்னணி நிறமும் போய்விடும், மறுபடி கொடுக்க வேண்டும். கையால் கட்டளை எழுதினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரையும் மென்பொருள் தானே பார்த்துக்கொள்ளும். கோப்பின் கடைசியில் ஒரு 0 இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் படத்தின் கடைசி நிறத்திலேயே பயனர் பெயர் கேட்கும் வரியும் வரும், சில சமயம் சிமிட்டிக்கொண்டும் வரும்.

பின்னணிக்கு எட்டு நிறங்கள்தான், பிரகாசமான எட்டு கிடையாது. திரை நினைவகத்தில் ஒரு கட்டத்தின் நிறத்துக்கு ஒரு பைட்: எழுத்துக்கு நான்கு பிட், பின்னணிக்கு மூன்று, மிச்சமுள்ள ஒன்று சிமிட்டலுக்கு. அந்தச் சிமிட்டல் பிட்டையே பின்னணிப் பிரகாசத்துக்கு எடுத்துக்கொள்ளும் தந்திரத்துக்கு ஐஸ் கலர்ஸ் என்று பெயர். தனியாகப் பார்க்க அருமையாக இருக்கும். வரவேற்புத் திரையில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அழைப்பவரின் டெர்மினலுக்கு அது தெரியாவிட்டால் படத்தின் பாதி மினுக்கிக்கொண்டே இருக்கும்.

வேகக் கணக்கு

மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மோடம் இணைப்பில் ஒரு எழுத்துக்கு எட்டு பிட், அதன் முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட், மொத்தம் பத்து. எனவே 2400 பிட் வேகம் என்றால் நொடிக்கு 240 எழுத்துகள். 300 என்றால் 30. 14,400 என்றால் 1,440. மோடங்களின் தரவுச் சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காத எண்கள் இவை.

ஒரு முழுத் திரை 2,000 கட்டங்கள். ஒரே நிறத்தில் நிரப்பினாலே 2400 வேகத்தில் எட்டு நொடிக்கு மேல் ஆகும். இனி நிறத்தைச் சேருங்கள். மேலே சொன்ன அந்த மஞ்சள்-நீலக் கட்டளை பத்து பைட். கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறும் வானவில் ஒன்றை ஆசையாக வரைந்தால் ஒவ்வொரு கட்டமும் 11 பைட், மொத்தம் 22,000. 2400 வேகத்தில் ஒன்றரை நிமிடம்! தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் வானவில்லை ரசிக்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஏதாவது ஒரு விசையைத் தட்டித் தாண்டிப் போவார்கள், இல்லையென்றால் இணைப்பையே துண்டிப்பார்கள்.

சிக்கனத்துக்கு வழிகள் உண்டு. ஒரே நிறம் தொடரும் இடத்தில் கட்டளையைத் திரும்பச் சொல்லாதீர்கள். ஒரு வரியில் இடதிலிருந்து வலதாக நிறம் மாறுவதைவிட வரிக்கு வரி மாறுவது மலிவு. வரிக்கு ஒரே கட்டளை போதும். குரோம் போலப் பளபளக்கும் பழைய போர்டு எழுத்துகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக நிறம் மாறுவதற்கு அழகு மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன். வெற்றிடம் இருந்தால் 20 இடைவெளிகளை அனுப்பாமல் '20 கட்டம் வலப்பக்கம் போ' என்ற ஐந்து பைட் கட்டளையை அனுப்பலாம். வரியின் வலது ஓரத்தில் ஒன்றும் இல்லையா, அங்கேயே அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். இப்படிச் சுருக்கினால் நல்ல வண்ணத் திரை ஒன்று 4,000 பைட்டுக்குள் அடங்கும். 2400 வேகத்தில் 17 நொடி, 14,400 வேகத்தில் மூன்று நொடிகூட இல்லை.

மெதுவாக வருவதில் ஒரு வசதியும் உண்டு. திரை மேலிருந்து கீழாகத்தான் வந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. கர்சரை எந்த வரிக்கும் எந்த நெடுவரிசைக்கும் நேரடியாக அனுப்பும் கட்டளை இருக்கிறது. முதலில் நடுவில் போர்டின் பெயர், பிறகு சுற்றிலும் சட்டம், கடைசியில் விவரங்கள் என்று நீங்கள் விரும்பிய வரிசையில் வரவைக்கலாம். அதையே நீட்டித்தால் அசைபடம்: ஒரு உருவத்தை வரைந்து, அழித்து, பக்கத்தில் மறுபடி வரைவது. அந்த அசைவின் வேகம் மோடத்தின் வேகம்தான். 2400க்கு அளவெடுத்துத் தைத்த அசைபடம் 28,800இல் கண்ணுக்குப் படாமல் ஓடி முடிந்துவிடும். இன்று மோடம் இல்லாமல் டெல்நெட் என்ற இணைய இணைப்பு வழியாகப் போர்டுக்கு வருபவர்களுக்கோ எல்லாம் ஒரே நொடியில் கொட்டிவிடும். சிங்க்டெர்ம் போன்ற இன்றைய டெர்மினல்களில் பழைய வேகத்தைப் போலச் செய்துகாட்டும் வசதி இருப்பது இதற்காகத்தான்.

வரைய உட்காரும்போது

அந்தக் காலத்தில் டாஸில் ஓடிய தி டிரா என்ற மென்பொருள்தான் பெரும்பாலானவர்களின் தூரிகை. இயான் டேவிஸ் எழுதியது. பிறகு ஆசிட் என்ற ஆன்சி ஓவியக் குழுவினரின் ஆசிட்டிரா வந்தது. இன்றைய கணினிகளில் பாப்லோடிரா, மோபியஸ் இரண்டும் அதே வேலையைச் செய்கின்றன. எல்லாவற்றிலும் ஏற்பாடு ஒன்றுதான்: எஃப்1, எஃப்2 என்று தொடங்கும் விசைகளில் அந்த எட்டுக் கட்ட எழுத்துகளும் இருக்கும். நிறத்தைத் தேர்ந்துகொண்டு விசையைத் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

முதல் திரைக்கு உருவப்படம் எதுவும் வேண்டாம். போர்டின் பெயரை மட்டும் பெரிதாக எழுதுங்கள், போதும். பெயரில் எட்டு எழுத்து என்றால், எழுத்துக்கு இடைவெளியோடு எட்டு நெடுவரிசை ஒதுக்கினால் 64. இருபுறமும் ஏழெட்டு நெடுவரிசை மிச்சம். பெயர் நீளமாக இருந்தால் இரண்டு வரியாக உடையுங்கள், எழுத்தை ஒல்லியாக்காதீர்கள். முதலில் எல்லா எழுத்தையும் ஒரே சாம்பல் நிறத்தில், █ மட்டும் வைத்துக் கட்டுங்கள். வடிவம் சரியா என்று பார்த்துவிட்டு முனைகளை ▀ ▄ வைத்து வழித்துவிடுங்கள். நிறம் அதற்கப்புறம்தான். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்து, அந்தப் பக்க ஓரத்தில் பிரகாசமான நிறம், எதிர்ப்பக்கத்தில் அடர்நிறம், நடுவில் ▓▒░ வழியாக மாற்றம். இப்படி:

█████▓▓▓▒▒▒░░░

இரண்டு நிறக் குடும்பங்களுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. நீலமும் சியானும் வெள்ளையும் ஒரு குடும்பம். பழுப்பு, சிவப்பு, மஞ்சள் இன்னொன்று. மெஜந்தாவையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். அடர்சாம்பல், அதாவது பிரகாசமான கறுப்பு, சில டெர்மினல்களில் வெறும் கறுப்பாகவே தெரியும். நிழலுக்குப் பயன்படுத்தலாம், தொலைபேசி எண்ணை அதில் எழுதாதீர்கள்.

ஓரங்களில் உள்ள பள்ளங்கள்

80ஆவது நெடுவரிசையில் எழுத்து விழுந்ததும் பல டெர்மினல்கள் கர்சரைத் தாமாகவே அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். அதன்பிறகு உங்கள் கோப்பில் உள்ள வரிமுறிவும் வந்தால் இன்னொரு வரி இறங்கும். விளைவு, படத்தில் வரிக்கு வரி வெற்று வரி. 79ஆவது நெடுவரிசையோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

உயரத்திலும் இதே கதை. 25ஆவது வரியைப் பல டெர்மினல் நிரல்கள் தங்கள் நிலைக் குறிப்புக்கு எடுத்துக்கொள்கின்றன. பயனர் பெயர் கேட்க ஒரு வரி வேண்டும். ஆகவே 22 அல்லது 23 வரி உங்களுடையது. அதைத் தாண்டினால் படத்தின் தலை மேலே உருண்டு மறையும். அதைவிட மோசம், போர்டு மென்பொருள் 'இன்னும் வேண்டுமா' என்று உங்கள் படத்தின் நடுவிலேயே கேட்டு நிற்கும். ஆரம்பத்தில் திரையைத் துடைக்கும் கட்டளையை வைக்கவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் மோடம் இணைந்ததற்கான செய்திக்குக் கீழே படம் தொங்கும். தி டிராவில் சேமிக்கும்போதே இதைக் கேட்கும்.

எல்லோரிடமும் ஆன்சி இருக்காது

கட்டளை புரியாத டெர்மினலில் நிறக் குறிகள் எண்களும் அடைப்புகளுமாகத் திரை முழுக்கச் சிதறும். கொமடோர் 64 வைத்திருப்பவருக்கு எழுத்து அட்டவணையே வேறு, திரையும் 40 நெடுவரிசைதான். எனவே ஒவ்வொரு திரைக்கும் இரண்டு கோப்பு வைப்பது வழக்கம்: நிறத்தோடு ஒன்று, வெறும் எழுத்தில் ஒன்று. பல மென்பொருட்கள் ஒரே பெயரில் .ஏஎன்எஸ், .ஏஎஸ்சி என்று இரண்டு பின்னொட்டுகளைத் தேடும். பிசிபோர்டு என்ற போர்டு மென்பொருள் பெயரின் கடைசியில் ஜி சேர்த்த கோப்பை வண்ணப் பதிப்பாக எடுத்துக்கொள்ளும். சிங்க்ரோநெட் என்ற இன்னொரு மென்பொருளில் இணைந்தவுடன் காட்டும் கோப்பின் பெயர் ஆன்சர். எதைக் காட்டுவது என்று மென்பொருள் முடிவெடுப்பதும் சுவாரசியமானது. 'கர்சர் இப்போது எங்கே இருக்கிறது' என்று ஒரு ஆன்சி கேள்வியை அனுப்பும். வரி, நெடுவரிசை எண்களோடு பதில் வந்தால் ஆன்சி உண்டு. சில நொடிகள் மௌனம் என்றால் வெறும் எழுத்துப் பதிப்புதான்.

அந்த வெறும் எழுத்துப் பதிப்பைச் செய்யாமல் விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். பெயரும் விவரமும் பத்து வரியில் நேர்த்தியாக இருந்தால் போதும்.

பெயர் சொல்லி அழைப்பது

'வணக்கம், இன்னார், கடைசியாக இந்தத் தேதியில் வந்தீர்கள்' என்று திரை சொல்ல வேண்டுமானால் கோப்பில் மாற்றுக்குறிகளை வைக்க வேண்டும். பிசிபோர்டிலும் சிங்க்ரோநெட்டிலும் அவை இரண்டு @ குறிகளுக்கு நடுவே எழுதும் சொற்கள். மிஸ்டிக் போன்ற மென்பொருட்களில் | என்ற செங்குத்துக் கோட்டில் தொடங்கும் இரண்டெழுத்துக் குறிகள். லாக்-இன் ஆவதற்கு முந்தைய திரைக்கு வந்தவர் யார் என்று தெரியாது. ஆகவே பெயர் கூறும் வேலை அடுத்த திரைக்கு.

பெயரின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் பெட்டிக்குள் பெயரை வைத்தால் வலப்பக்கக் கோடு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடத்தில் விழும். பெயரை முதலில் எழுதவிட்டு, பிறகு கர்சரை 79ஆவது நெடுவரிசைக்கு நேரடியாக அனுப்பிக் கோட்டைப் போடுங்கள். அல்லது வலப்பக்கக் கோடே இல்லாத வடிவமைப்பைத் தேர்ந்தெடுங்கள், அது இன்னும் நிம்மதி.

செங்குத்துக் கோட்டுக் குறிகளில் நிறமும் கொடுக்கலாம்: |00 முதல் |15 வரை எழுத்து நிறம், |16 முதல் |23 வரை பின்னணி. ஆனால் இங்கே நிற வரிசை வேறு. ஆன்சியில் 1 சிவப்பு, 4 நீலம். பிசியின் திரை அட்டையில் 1 நீலம், 4 சிவப்பு. இந்தக் குறிகள் அந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. சிவப்பு கேட்ட இடத்தில் நீலம் வந்தால் குழம்ப வேண்டாம், அட்டவணை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிறர் வரைந்ததை எடுக்கும்போது

ஆசிட் 1990இலும் ஐஸ் 1991இலும் தொடங்கிய பிறகு குழுக்களாகச் சேர்ந்து ஆன்சி வரைவதும், படங்களைத் தொகுப்புகளாக வெளியிடுவதும் பெரிய வழக்கமானது. அந்தப் படங்களின் மூலையில் வரைந்தவரின் சுருக்கப் பெயர் இருக்கும். அதை அழித்துவிட்டுத் தன் போர்டில் போட்டுக்கொள்வது இந்த வட்டத்தில் மன்னிக்கப்படாத காரியம். கோப்பின் கடைசியில் சாஸ் எனப்படும் 128 பைட் குறிப்பும் இருக்கக்கூடும்: தலைப்பு, வரைந்தவர், குழு, தேதி. கோப்பின் முடிவைக் குறிக்கும் 26ஆம் எண் எழுத்துக்குப் பிறகு வருவதால் நல்ல மென்பொருள் அதைத் திரைக்கு அனுப்பாது. உங்கள் போர்டில் படத்துக்குக் கீழே திடீரென்று யாரோ ஒருவர் பெயரும் விநோத எழுத்துகளும் தெரிந்தால் காரணம் இதுதான். போர்டுக்கு வைக்கும் பிரதியில் மட்டும் அதை நீக்கிவிடலாம். மூலக் கோப்பில் இருக்கட்டும்.

வரைந்து முடித்ததும் உங்கள் கணினியில் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். 2400 வேகத்தில் ஒருமுறை, ஆன்சியை அணைத்துவிட்டு ஒருமுறை, வேறொரு டெர்மினல் நிரலிலிருந்து ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அப்புறம், வாரத்துக்கு வாரம் மாறும் அறிவிப்புகளைப் படக்கோப்பிலேயே எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து, படத்துக்கு அடுத்ததாகக் காட்டும்படி அமையுங்கள். மென்பொருள் அனுமதித்தால் இரண்டு மூன்று படங்களை வைத்து, அழைப்புக்கு ஒன்றாக மாறி வரும்படியும் செய்யலாம்.